மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும் வாரங்கள்: கூட இருப்பவருக்கும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். அம்மா ஊரிலிருந்து வந்துவிடுவார், கணவர் லீவு போடுவார், நாத்தனார் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவார். ஆனால் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, போய்ப் படுத்து எழுந்து வருவதுதான். தோல் கறுத்து எரிய ஆரம்பிப்பதும் உடம்பு அசந்துபோவதும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அது உச்சத்துக்குப் போவது கடைசி சிட்டிங் (ஒரு தடவை கரண்ட் வைப்பது ஒரு சிட்டிங்) முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து. அதற்குள் லீவு தீர்ந்திருக்கும், அம்மா ஊருக்குக் கிளம்பியிருப்பார், "அதான் முடிஞ்சிருச்சே" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: லீவையும் ஆள் உதவியையும் பின்பாதிக்கு எடுத்து வையுங்கள். கடைசி வாரம், அதற்கு அடுத்த இரண்டு வாரம், இந்த மூன்று வாரத்துக்கு வீட்டில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

என் மனைவிக்குச் சிகிச்சை நடந்தபோது நாங்கள் பார்த்ததையும், டாக்டர்களும் நர்ஸ்களும் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தபின் வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர்வீச்சுக்குத்தான் இது பொருந்தும். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள், அவர்தான் உங்கள் ஃபைலைப் பார்த்தவர்.

முதல் படி: ஆரம்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

சிகிச்சைக்கு முன் சிமுலேஷன் என்று ஒரு நாள் வரச் சொல்வார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு சாய்பலகையில் படுக்கவைத்து சிடி ஸ்கேன் எடுத்து, தோலில் மார்க் போடுவார்கள். சில இடங்களில் மையால் கோடு, சில இடங்களில் அழியாத சிறு பச்சைக்குத்துப் புள்ளி. மைக்கோடு என்றால் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழிந்துவிட்டால் வீட்டில் பேனாவால் நீங்களே வரையக் கூடாது, போய்ச் சொன்னால் அவர்களே சரிசெய்வார்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "எந்தெந்த இடத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்பது. மார்புக்கு மட்டுமா, அக்குளுக்கும் காறை எலும்புக்கு மேலேயும் சேர்த்தா? பக்கவிளைவு பெரும்பாலும் கதிர் படும் இடத்தில்தான் வரும். அதனால்தான் இந்தச் சிகிச்சையில் தலைமுடி கொட்டுவதில்லை. கீமோவில் கொட்டியது இந்த வாரங்களில் மெல்ல வளரவே செய்யலாம். அந்தப் பக்கத்து அக்குள் முடி வேண்டுமானால் உதிரும். காறை எலும்புக்கு மேலே கொடுத்தால் தொண்டை கரகரக்கலாம், விழுங்க வலிக்கலாம். மார்புக்கு மட்டும் என்றால் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் இருக்காது. இடது மார்பு என்றால் இதயத்தில் கதிர் படுவதைக் குறைக்க, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் முறை உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வீட்டிலேயே மூச்சைப் பிடித்துப் பழகலாம்.

சிட்டிங் எண்ணிக்கையை வைத்துப் பல வீடுகளில் தேவையில்லாத பயம் வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 25 வைத்தார்கள், நமக்கு 15தானே, அரைகுறையாக விட்டுவிட்டார்களோ என்று. அப்படி இல்லை. 25 நாளில் 50 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) என்பது பழைய கணக்கு. 15 நாளில் 40 கிரே கொடுத்தாலும் நோய் கட்டுப்படுவதில் குறைவில்லை என்பதை இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வுகள் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டன. தோல் பாதிப்பும் அதில் கொஞ்சம் குறைவு. 2020-ல் 5 நாளிலேயே 26 கிரே கொடுக்கும் முறையின் முடிவுகளும் வந்தன, தகுந்தவர்களுக்கு அதுவும் நடக்கிறது. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பூஸ்ட் என்று இன்னும் சில நாள் சேர்க்கலாம். எண்ணிக்கையைப் பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட வேண்டாம்.

பணம், பயணம் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். சென்னை அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை, வேலூர், மதுரை என்று எங்கே போனாலும் வாரத்துக்கு ஐந்து நாள் தினமும் போக வேண்டும் என்பதுதான் குடும்பத்தைக் களைக்க வைக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு வருகிறது, அட்டையை ஆரம்பத்திலேயே காப்பீட்டுக் கவுண்ட்டரில் காட்டுங்கள். சிகிச்சைக்காகப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, அதற்கு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். தினமும் ஊரிலிருந்து போய்வர முடியாத தூரம் என்றால், தங்க இடம் இருக்கிறதா என்று அங்கே இருக்கும் சமூக சேவகரைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: உடுப்பும் தாலிச் சங்கிலியும்

கரண்ட் கொடுப்பது சில நிமிஷம்தான், வலி இருக்காது, சூடும் தெரியாது. காத்திருப்பதுதான் நீளம். முன்பக்கம் கொக்கியோ பட்டனோ வைத்த லூசான காட்டன் உடுப்பு போட்டுக்கொண்டு போனால் கழட்டிப் போடச் சுலபம், ஏனென்றால் கையைத் தூக்கித் தலைவழியாகக் கழட்டுவது ஆபரேஷன் ஆன பக்கம் வலிக்கும்.

இறுக்கமான ஜாக்கெட், கம்பி வைத்த பிரா, நைலான், பாலியஸ்டர் எல்லாவற்றையும் இந்த மாதங்களுக்கு பீரோவில் வைத்துவிடுங்கள். வீட்டில் மெல்லிய காட்டன் பனியன் போடலாம். அதையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டால் தையல் தோலில் உரசாது. என் மனைவி கடைசி வாரங்களில் என்னுடைய பழைய பனியன்களைத்தான் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனதற்கு நிகராகப் புதிதாக வாங்கிய எதுவும் இல்லை.

தாலி விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, ஆனால் நம் பெண்களுக்கு இது பெரிய விஷயம். மேஜையில் படுக்கும்போது கழுத்தில் கிடப்பதைக் கழட்டச் சொல்வார்கள். வீட்டிலும், சங்கிலி சரியாகக் கதிர் பட்ட இடத்தில் விழுந்து, வியர்வையோடு உரசி, புண்ணாக்கும். மஞ்சள் கயிறும் உரசத்தான் செய்யும். இதில் கணவர் முந்திக்கொள்ள வேண்டும். "கழட்டி வை, நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று நீங்கள் சொன்னால் அவர் மனசில் பாதி பாரம் இறங்கிவிடும். மாமியார் முகம் சுளித்தால் அந்தப் பேச்சை அவருடைய மகன்தான் எதிர்கொள்ள வேண்டும், மருமகள் தலையில் போடக் கூடாது.

மூன்றாம் படி: தோல்

புத்தகங்களிலும் இணையத்திலும் "தோல் சிவக்கும்" என்று எழுதியிருப்பார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கறுத்துப்போகும், சில சமயம் ஊதா கலந்த கறுப்பாகும், தொட்டால் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், இழுத்துப் பிடித்தமாதிரி இருக்கும், அரிக்கும். சிவக்கவில்லையே என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கூட இருப்பவரின் முதல் வேலை, தினமும் பார்ப்பது. மார்பின் அடி மடிப்பு, அக்குள், இந்த இரண்டும்தான் முதலில் தோல் உரியும் இடம், அவராலேயே குனிந்து பார்க்க முடியாத இடமும் அதுதான். குளித்துத் துடைத்தபின், ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் பாருங்கள். அவர் சம்மதித்தால் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், அவருடைய போனிலேயே. வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கும் நாளில் "போன வாரத்தைவிட அதிகமா?" என்ற கேள்விக்கு அந்தப் படங்கள் பதில் சொல்லும். கணவர் பார்ப்பதில் அவருக்குச் சங்கடம் இருந்தால் அக்காவோ மகளோ பார்க்கட்டும், அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை குறைந்த மென்மையான சோப்பு, கையால் மட்டும். நார், பஞ்சு, பீர்க்கங்காய்க் கூடு எதுவும் அந்த இடத்தில் கூடாது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், மடிப்பில் ஈரம் தங்கக் கூடாது. மார்பை மெல்லத் தூக்கிப் பிடித்து ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் உலரவிட்டால் நல்லது.

ஈரப்பதம் தரும் வாசனையில்லாத க்ரீம் ஒன்றைச் சொல்வார்கள், அதை முதல் நாளிலிருந்தே போட ஆரம்பியுங்கள். மெல்லியதாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை. சிட்டிங்குக்குச் சற்று முன் அப்பிக்கொண்டு போக வேண்டாம். மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீம் தோல் பாதிப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன, உங்களுக்குச் சரிவருமா என்று டாக்டரைக் கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள்.

நம் வீடுகளில் அன்போடு வந்து சேரும் பொருட்கள் உண்டு: மஞ்சள், சந்தனம், வேப்பிலை அரைத்தது, தேங்காய் எண்ணெய், ஐஸ்கட்டி. ஊரிலிருந்து வந்த பெரியம்மா உட்கார்ந்து அரைத்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். ஆனால் கதிர் பட்டு மெலிந்த தோலில் அரைத்த எதுவும் உரசும், காயும், எடுக்கும்போது தோலையும் சேர்த்து உரிக்கும், மார்க்கையும் அழிக்கும். மஞ்சளின் நிறம் தோலின் உண்மையான நிறத்தையும் மறைத்துவிடும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் முகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கோடையில் வியர்க்கிறது என்று பவுடர் போடுவதும் வேண்டாம், மடிப்பில் கட்டிதட்டிப் புண்ணாகும். வெந்நீர் ஒத்தடம், ஐஸ் ஒத்தடம், அக்குளில் ரேசர், முடி எடுக்கும் க்ரீம், பிளாஸ்திரி, எல்லாமே கூடாத பட்டியல்தான். வெயிலில் போனால் குடை அல்லது முந்தானை, அந்த இடத்தில் நேர் வெயில் படவே வேண்டாம்.

இத்தனை கவனமாக இருந்தும் சிலருக்குத் தோல் உரிந்து, ஈரம் கசிய ஆரம்பிக்கும். அது உங்கள் கவனக்குறைவால் வந்ததில்லை, மார்பின் அளவு, கதிரின் அளவு, உடம்பு வாகு எல்லாம் சேர்ந்து வருவது. அன்றே மருத்துவமனையில் சொல்லுங்கள். ஒட்டாத டிரெஸ்ஸிங்கும் அதற்கான மருந்தும் இருக்கின்றன, பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். வலி இருந்தால் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லை. பயந்துபோய் "நாளைக்குப் போக வேண்டாம்" என்று வீட்டிலேயே முடிவெடுக்காதீர்கள். இடைவெளி விடுவது சிகிச்சையின் பலனைக் குறைக்கலாம், நிறுத்துவதா தொடர்வதா என்பது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

நான்காம் படி: அசதி

இது சாதாரணக் களைப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. தலை வாரிக்கொள்ளக் கை தூக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார், அதுதான் சிக்கல், "நல்லாத்தானே இருக்கே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் அசதி கூடும். தினமும் கொஞ்சம் நடப்பது குறைக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. வெயில் தாழ்ந்தபின் இருவருமாகத் தெருவில் ஒரு நடை, பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, முடிந்தால் அரை மணி வரை. முடியாத நாளில் விட்டுவிடலாம். பகல் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் ராத்திரித் தூக்கம் கெடாது.

வீட்டு வேலையை "நான் பார்த்துக்கறேன்" என்று மொத்தமாகச் சொன்னால் நடக்காது. உட்கார்ந்து பிரியுங்கள். குடம் தூக்குவது, மாவாட்டுவது, துணி பிழிவது, சிலிண்டர் நகர்த்துவது, குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவது, இவை யார் யாருக்கு என்று பெயர் போட்டு முடிவுசெய்யுங்கள். அதே நேரம் எந்த வேலையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று அவரைக் கேளுங்கள். ஒருவருக்குக் காலைக் காபி, ஒருவருக்குச் சாமி விளக்கு. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

அசதி மிக அதிகமாக இருந்தால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கீமோ முடித்துவிட்டு வருபவர்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பது சகஜம்.

ஐந்தாம் படி: கையும் தோளும் மார்பும்

தினமும் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும் என்பதால் தோள் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுவது, தோளைச் சுழற்றுவது போன்ற பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள், விரல் எதுவரை போகிறது என்று தெரியும். சிகிச்சை முடிந்த பின்னும் பல மாதம் இதை விடக் கூடாது, ஏனென்றால் கதிர் பட்ட தசை மெல்ல மெல்லத்தான் இறுகும்.

மார்பு கொஞ்சம் வீங்கிக் கனமாக இருக்கலாம். திடீரென்று ஊசி குத்தியமாதிரி சுருக்கென்ற வலி வந்து போகும், மாதக்கணக்கில்கூட. பெரும்பாலும் நரம்பு ஆறுவதுதான், நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டால் ராத்திரித் தூக்கம் வரும்.

அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருந்தால், அதிலும் அங்கே கரண்ட்டும் வைத்திருந்தால், கையில் நீர் கோத்து வீங்கும் லிம்ஃபெடீமா வரும் வாய்ப்பு கூடுகிறது. முதலில் கண்டுபிடித்துத் தருவது வளையல்தான். வழக்கமாகப் போகும் வளையல் இறுகினால், மோதிரம் கழட்ட வராவிட்டால், கை கனமாக இருந்தால், வீக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் கையை அழுத்திப் பிடிக்கும் உறையும் பயிற்சியும் நன்றாகவே கேட்கும். அந்தக் கையில் வெட்டுக்காயம், சூடு, பூனை கீறல் எதுவும் சாதாரணமில்லை, உடனே கழுவி மருந்து போடுங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

இதில் நீட்ட ஒன்றுமில்லை. பத்தியம் எதுவும் கிடையாது. ஆறுவதற்குப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், எது பிடிக்கிறதோ அது. தொண்டை வலித்தால் காரத்தையும் சூட்டையும் குறைத்து இட்லி, குழைந்த சாதம், மோர். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். விட்டமின் மாத்திரைகள், சூரணம், லேகியம் எதுவானாலும் டாக்டருக்குத் தெரிந்துதான் சாப்பிட வேண்டும். அதிக அளவு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைச் சிகிச்சை சமயத்தில் வேண்டாம் என்பார்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் இது நிறுத்தும் நேரம்.

ஏழாம் படி: வீடு, குழந்தை, படுக்கையறை, விருந்தாளி

மெஷினை அணைத்ததும் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டிக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தனி அறை, தனிப் படுக்கை தேவையில்லை. சின்னக் குழந்தை ஓடிவந்து மார்பில் மோதாமல் இருக்க, "அம்மாவுக்கு இந்தப் பக்கம் வலிக்கும், அந்தப் பக்கம் வா" என்று பக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

கணவன் மனைவி உறவுக்கும் தடையில்லை, உடம்பும் மனசும் ஒத்துழைத்தால். ஆனால் கரு தங்கக் கூடாது. ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரைகளும் கூடாது என்பதால் ஆணுறையோ வேறு வழியோ டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்கள் வலிக்குமோ என்று பயந்து கிட்டப் போவதையே விட்டுவிடுகிறார்கள். அந்த விலகல் அவருக்கு வேறு விதமாகப் படும், "என்னைப் பிடிக்கலை" என்று. கேளுங்கள். "எங்க தொட்டா வலிக்காது?" என்று கேட்பதே ஒரு அணைப்புதான்.

பார்க்க வருபவர்களில் சிலர், தங்களுக்குத் தெரிந்த யாருக்கோ வந்ததையும் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொல்லாமல் போக மாட்டார்கள். கூட இருப்பவர் வாசலிலேயே "அவங்களுக்கு இப்ப அசதியா இருக்கு, பத்து நிமிஷம் பேசிட்டு விட்டுருங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் நீங்கள். ஆபீஸ், ஆஸ்பத்திரி, அடுப்படி என்று ஓடுபவருக்கும் பயம் இருக்கும், அதைச் சொல்ல இடமிருக்காது. இருவரில் யாருக்குத் தூக்கம் தொடர்ந்து கெட்டாலும், அழுகை நிற்காவிட்டாலும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

எட்டாம் படி: முடிந்த பிறகு

கடைசி நாளில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வருவோம், சரி, ஆனால் க்ரீமையும் காட்டன் பனியனையும் அன்றே நிறுத்தக் கூடாது. அடுத்த பத்துப் பதினைந்து நாளில் தோல் இன்னும் மோசமாகித்தான் பிறகு தெளியும். அசதி வடிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். தினமும் பார்த்த நர்ஸும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசிய அக்காவும் திடீரென்று இல்லாமல்போக, மனசு வெறுமையாகி, முன்பைவிட அதிகமாக அழுபவர்கள் உண்டு. இது வரும் என்று முன்பே தெரிந்தால் பயப்படாமல் இருக்கலாம்.

எந்த நேரமானாலும் உடனே தெரிவிக்க வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தோலில் சீழ் அல்லது நாற்றம், கையோ மார்போ திடீரென்று சூடாகி வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போவது.

இன்னொன்று தாமதமாக வருவது. முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் சிலருக்கு, குறைவானவர்களுக்குத்தான், கதிர் பட்ட நுரையீரலில் அழற்சி வரும். வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குவது, லேசான காய்ச்சல். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. ஆனால் தெருமுனை கிளினிக்கில் போய் இருமல் என்று மட்டும் சொன்னால் சளி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் "நெஞ்சுக்குக் கரண்ட் வெச்சிருக்கு, இன்ன மாசம் முடிஞ்சுது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எத்தனை கிரே, எத்தனை சிட்டிங் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் படமெடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது என்று அங்கிருந்து கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மார்பை எடுக்காமல் சிகிச்சை செய்தவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் எடுக்கச் சொல்வார்கள்.